மலிவு கிரைண்டர் எங்கே போகிறது, விலை கூடியதில் எதற்குக் காசு கொடுக்கிறோம்

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். வீட்டோடு சேர்ந்த சின்ன வெல்டிங் பட்டறை, கேட், கிரில் வேலை. 1,300 ரூபாய்க்கு வாங்கிய, இரும்பை வெட்டவும் தேய்க்கவும் உதவும் 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர் இரண்டு, எட்டு மாதத்துக்குள் அடுத்தடுத்துப் புகைந்துவிட்டன. இனி 3,000 ரூபாய்க்கு மேல் போட்டு நல்ல கம்பெனி மெஷின் வாங்கினால் அந்தக் காசுக்கு உழைக்குமா, இல்லை மலிவானதையே வாங்கி வாங்கி மாற்றுவது லாபமா என்று கேட்கிறீர்கள். விலையைப் பற்றிக் கேட்டாலும், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இரண்டும் எதனால் போயின என்பதுதான். அது தெரியாமல் மூன்றாவதை வாங்கினால், கொஞ்சம் தள்ளி அதே வழியில்தான் அதுவும் போகும்.

ஆகவே முதல் வேலை, செத்த இரண்டையும் கழற்றுங்கள். பிளக்கை உருவிவிட்டு, இரண்டு பக்கமும் உள்ள கார்பனை, அதாவது சுற்றும் பாகத்துக்குக் கரண்டைக் கொடுக்கும் கட்டைகளை, எடுங்கள். அதன் பிறகு முன்னால் கியர் பாக்ஸைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்குரூக்களைக் கழற்றி இழுத்தால் ஆர்மேச்சர், அதாவது மோட்டாரின் சுற்றும் பாகம், கியர் பாக்ஸோடு சேர்ந்து வெளியே வரும். கார்பனை எடுக்காமல் இழுத்தால் கார்பனும் ஹோல்டரும் உடையும். சில மாடல்களில் பின் மூடியைக் கழற்றினால்தான் கார்பன் கைக்கு எட்டும். வெளியே வந்த ஆர்மேச்சரை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். கார்பன் உரசுகிற செம்புப் பட்டைகள், அதாவது கம்யூட்டேட்டர், வழவழப்பாக, காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் ஆரோக்கியம். எல்லாப் பட்டையும் கருகி, விரலால் தடவினால் மேடுபள்ளமாக இருந்து, எடுத்த கார்பனும் 4, 5 மி.மீ. கட்டையாக இருந்தால், அந்த மெஷினைக் கொன்றது தேய்ந்த கார்பன். பட்டைகளில் ஒன்றிரண்டு மட்டும் கருகி மற்றவை சுத்தமாக இருந்தால், அந்தப் பட்டையில் சேரும் காயில் அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது. காயில் முழுக்கக் கறுத்து வார்னிஷ் கருகிய வாடை அடித்தால் அதிக லோடு. காயிலின் முனைகள் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி செம்பு பளபளத்தால், காற்றோடு உள்ளே வந்த தூசி வயரின் மேல்பூச்சான எனாமலை அரித்திருக்கிறது. ஆர்மேச்சரின் இரும்பு உடம்பில் வட்ட வட்டமாக உரசிய கோடு இருந்தால், பேரிங் ஆடி, ஆர்மேச்சர், அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஃபீல்டு காயிலின் இரும்பில் இடித்திருக்கிறது. புகை எல்லாவற்றிலும் ஒன்றுபோலத்தான் வரும். காரணம் இந்த ஐந்தில் ஒன்று. எது என்பதைத் தூரத்திலிருந்து யாரும் சொல்ல முடியாது, பிரித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

கார்பனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மிகக் குறைந்த செலவில் தடுக்கக்கூடிய சாவு இதுதான், பட்டறைகளில் அதிகம் நடப்பதும் இதுதான். புதுக் கார்பன் சாதாரணமாக 12 முதல் 16 மி.மீ. நீளம் இருக்கும். பின்னால் ஒரு ஸ்பிரிங், அதன் நடுவே கரண்டைக் கொண்டுபோகும் மெல்லிய செம்பு நார் வயர். கார்பன் தேயத் தேய ஸ்பிரிங் நீண்டு அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்ததும் கார்பன் பட்டைமேல் துள்ளும். துள்ளும் ஒவ்வொரு முறையும் பொறி பறக்கும். அந்தச் சூட்டில் ஸ்பிரிங் இளகி, அழுத்தம் இன்னும் குறையும். நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று அளவில் ஓடுகிற ஆர்மேச்சரில் இந்த நிலை வந்தபின் செம்பு கருக அதிக நேரம் ஆகாது. அறுபது, எழுபது ரூபாய்க் கார்பன் ஜோடியை ஒரு வாரம் தள்ளிப்போட்டதற்கு ஆர்மேச்சரைக் கொடுக்கிறோம். நல்ல கம்பெனிகள் சில மாடல்களில் கட்-ஆஃப் கார்பன் போடுகின்றன. உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் முளை இருக்கும். கார்பன் அளவுக்குக் கீழே தேய்ந்ததும் அது வெளியே தள்ளி, கார்பனைப் பட்டையிலிருந்து தூக்கி, மெஷினை நிறுத்திவிடும். "திடீரென்று நின்றுவிட்டது, பொறியே இல்லை" என்று வரும் மெஷின்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம். கார்பனை மாற்றினால் ஓடும்.

நாள் முழுக்க ஓடும் மெஷினில் மாதம் ஒரு முறை கார்பனை வெளியே எடுத்துப் பாருங்கள். 5 மி.மீ. ஆனதும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. அளவு ஒத்துப்போகாத கார்பனை அரத்தில் ராவி நுழைக்கும் பழக்கம் இருக்கிறது. ராவிய முகம் கோணலாகி ஹோல்டருக்குள் சிக்கினால், ஸ்பிரிங் எவ்வளவு தள்ளினாலும் கார்பன் கீழே இறங்காது. புதுக் கார்பன் ஹோல்டரில் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும், அதே நேரம் பக்கவாட்டில் ஆடக் கூடாது. போட்டபின் லோடு கொடுக்காமல் ஐந்து, பத்து நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். கார்பனின் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படிந்த பிறகு பொறி தானாகக் குறையும். புதிதில் தெரியும் லேசான நீலப் பொறியைக் கண்டு பயப்பட வேண்டாம். கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமாக ஓடினால் உடனே நிறுத்துங்கள். அது கார்பன் கோளாறாக இருக்காது, ஆர்மேச்சர் ஷார்ட்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அடுத்தது சூடு. மலிவு மெஷினும் விலை கூடிய மெஷினும் உண்மையில் பிரிகிற இடம் இது. பெட்டியில் போட்டிருக்கும் 850 வாட் என்பது மெஷின் லைனிலிருந்து இழுக்கும் அளவு. இந்த அளவு மோட்டாரில் வீலுக்குப் போய்ச் சேர்வது அதில் ஏறக்குறைய பாதி, நன்றாகச் செய்ததில் அதற்குக் கொஞ்சம் மேலே. மிச்சம் முந்நூறு, நானூறு வாட் கைப்பிடிக்குள்ளேயே சூடாக மாறுகிறது. அதை வெளியேற்ற இருப்பது ஆர்மேச்சரோடு சுற்றும் ஒரு சின்ன ஃபேன் மட்டும். பின்பக்கத் துளை வழியாகக் காற்றை இழுத்து, கம்யூட்டேட்டரையும் காயிலையும் தடவிவிட்டு, கியர் பாக்ஸ் பக்கம் தள்ளும். நீங்கள் அழுத்தி வெட்டும்போது இரண்டு கெடுதல் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கரண்டு ஏறிச் சூடு கூடுகிறது, வேகம் இறங்கி ஃபேனின் காற்றும் குறைகிறது. சத்தம் "ஈ…" என்பதிலிருந்து "ஊம்…" என்று தணிந்தால் காயில் வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். காதுதான் இங்கே மீட்டர். சத்தம் தணிந்த உடனே கையைத் தளர்த்துங்கள். நிறைய வெட்டியபின் சட்டென்று சுவிட்சை அணைக்காமல் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். அந்த ஒரு நிமிடக் காற்று காயிலுக்குக் கிடைக்க வேண்டும். கையில் சூடு தாங்கவில்லை என்று ஈரத்துணி சுற்றுவது, தண்ணீர் தெளிப்பது இரண்டும் உயிருக்கே ஆபத்து.

மலிவு மெஷினில் 850 வாட் என்று ஒட்டியிருந்தாலும், உள்ளே இருக்கும் ஆர்மேச்சரின் இரும்பும் செம்பும் பல சமயம் அந்த அளவை நெடுநேரம் தாங்காது. இரும்பு அடுக்கு குட்டையாக இருக்கும், காயில் வயர் மெலிந்திருக்கும். சிலவற்றில் ஃபீல்டு காயிலே செம்புக்குப் பதில் அலுமினியம். செத்த மெஷினின் ஃபீல்டு வயரை பிளேடால் லேசாகச் சுரண்டினால் வெள்ளையா சிவப்பா என்று தெரிந்துவிடும். ஒரே அளவு அலுமினிய வயர் செம்பைவிடக் கரண்டுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் தடை தரும், அத்தனையும் சூடு. நல்ல மெஷினில் ஆர்மேச்சர் காயில்மேல் கெட்டியாக எபாக்சி பூசியிருப்பார்கள். அது தூசி அரிப்பையும் தாங்கும், காயில் அதிர்ந்து உரசிக்கொள்வதையும் தடுக்கும். கம்பெனி மெஷின் என்றாலே செம்பு, எபாக்சி எல்லாம் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பெயர்பெற்ற கம்பெனிகளும் வீட்டு உபயோகத்துக்கு என்று ஒரு வரிசை, பட்டறைக்கு என்று ஒரு வரிசை வைத்திருக்கின்றன. கையில் எடுத்துப் பார்த்து, கனமாக இருந்தால் நல்லது என்று சொல்வதும் பாதி உண்மைதான். கனம் ஆர்மேச்சரில் இருக்கிறதா, கியர் பாக்ஸ் வார்ப்பில் இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது.

பேரிங்கில் வித்தியாசம் இன்னும் வெளிப்படை. 4 இன்ச் மெஷின்களில் ஆர்மேச்சரின் பின்முனையில் 607, 627 போன்ற சின்ன பேரிங் இருக்கும். எண் பேரிங்கிலேயே பொறித்திருக்கும். எண்ணுக்குப் பின்னால் இசட் இசட் என்றிருந்தால் தகர மூடி, 2 ஆர்எஸ் என்றிருந்தால் ரப்பர் மூடி. தூசிக்கு ரப்பர் மூடிதான் நல்லது. வேகத்தில் அது கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும் என்பதால், கம்பெனி எதைப் போட்டிருக்கிறதோ அதையே திரும்பப் போடுவது பத்திரம். கெட்ட பேரிங்கை அப்படியே ஓட்டினால் உள்வளையமும் வெளிவளையமும் இறுகி, பேரிங் முழுசாகச் சுற்றத் தொடங்கும். அது உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் குழி உருகி அகன்றுவிடும். அதன்பின் புதுப் பேரிங் போட்டாலும் நிற்காது, பாடியையே மாற்ற வேண்டும். அணைத்ததும் மெஷின் சட்டென்று நிற்பது, அணைக்கும்போது கரகரவென்று தேய்வது, கீச்சென்ற மெல்லிய ஊளை எல்லாம் பேரிங்கின் முன்னெச்சரிக்கை. ஐம்பது, நூறு ரூபாயில் முடிகிற வேலை. புதியதைப் போடும்போது உள்வளையத்தில் மட்டும் தட்டி இறக்குங்கள். வெளிவளையத்தில் தட்டினால் உள்ளே குண்டுகள் பதிந்து, முதல் நாளே பேரிங் கெட்டுவிடும்.

கியர் பாக்ஸில் கிரீஸ் அதிகம் போட்டால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். 4 இன்ச் மெஷினுக்குச் சுமார் 10 முதல் 15 கிராம் போதும், குழியில் மூன்றில் ஒரு பங்கு. நிரம்ப அடைத்தால் கியர் அதைக் கடைந்து சூடாக்கும். இளகிய கிரீஸ் முன் பேரிங்கைத் தாண்டி ஆர்மேச்சருக்குள் வரும், கார்பன் தூளோடு கலந்து கரண்டு கடத்தும் களிம்பாகும். வண்டிக்குப் போடும் சாதாரண கிரீஸ் இந்த வேகத்தில் சிதறிப்போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பல்லில் நிற்காது. பவர் டூலுக்கென்று விற்கும் லித்தியம் கிரீஸ் வாங்குங்கள். பழையதை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலரவிட்டு, புதிதாகப் பல்லில் தடவுங்கள். தினம் ஓடும் மெஷினுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பது பட்டறை வழக்கம். கறுத்துக் கெட்டியாகிவிட்டால் அதற்கு முன்பே செய்யலாம். கியர் போனால் சின்னதையும் பெரியதையும் ஜோடியாகவே மாற்றுங்கள். பழைய பல்லோடு புதுப் பல் ஒத்து ஓடாது. வீல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வீலை மாற்ற அச்சைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிண்டில் லாக் பட்டனை அழுத்தினால் அதன் முள்ளும் உடையும், கியரும் உடையும். இதற்கு மலிவு, விலை கூடியது என்ற வித்தியாசமே கிடையாது.

தூசிக்கு ஒரு வார்த்தை. இரும்பு வேலையில் வரும் தூள் கரண்டு கடத்தும். டைல்ஸ், கிரானைட், கான்கிரீட் தூள் எனாமலை அரிக்கும். இரண்டில் கல் தூசிதான் மோசம். தினம் வேலை முடிந்ததும் மெஷினை ஓடவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, பின் துளை வழியாக உலர்ந்த காற்றை ஊதுங்கள். கம்ப்ரஸரில் 2, 3 பார் போதும். 8 பாரில் நேராக அடித்தால் தூளைப் பேரிங்குக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் நாமே திணிக்கிறோம். டேங்கில் தேங்கிய தண்ணீரை முதலில் வடித்துவிடுங்கள். பின் துளையில் வலைத்துணி கட்டுவது நல்லதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கல் வெட்டும்போது தூசியைத் தடுக்கிறது என்பது உண்மை. அதே வலை அடைத்துக்கொண்டு காற்றையும் தடுக்கிறது. அரை மணிக்கு ஒரு முறை தட்டிச் சுத்தம் செய்வதாக இருந்தால் கட்டலாம், இல்லாவிட்டால் கட்டாமலிருப்பதே மேல்.

உங்கள் வேலையில் இன்னொரு சந்தேகம் எனக்கு உண்டு. 4 இன்ச் மெஷினில் கவரைக் கழற்றிவிட்டு 5 இன்ச் வீல் போடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. நீங்களும் செய்கிறீர்களென்றால் உடனே நிறுத்துங்கள். 4 இன்ச் வீலின் துளை 16 மி.மீ., 5 இன்ச் வீலின் துளை 22.23 மி.மீ., இடையில் ஏதாவது புஷ் போட்டுத்தான் உட்கார வைக்கிறார்கள். மையம் விலகி அதிர்வு வரும். கை நீளம் கூடுவதுபோல் வீல் பெரிதானால் அதே அழுத்தத்துக்கு மோட்டார் நாலில் ஒரு பங்கு கூடுதலாக இழுக்க வேண்டும், ஆர்மேச்சர் புகைய இதுவே போதும். கவர் இல்லாத மெஷினில் வீல் உடைந்தால் துண்டு முகத்துக்கு வரும். 11,000 சுற்றில் ஓடும் 4 இன்ச் வீலின் ஓரம் நொடிக்கு 57 மீட்டர் வேகத்தில் போகிறது. 7 இன்ச் வீலை அதில் மாட்டினால் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். இந்த வகை வீல்கள் பொதுவாக 80 மீட்டருக்குத்தான் செய்யப்படுகின்றன. மர ரம்பத் தட்டைக் கிரைண்டரில் மாட்டுவதும் இதே ரகம், செய்யவே கூடாது. வீலின் நடு வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருந்தால் அது காலாவதித் தேதி. ஒட்டும் பிசின் ஈரத்தில் பலம் இழக்கும் என்பதால் பொதுவாக மூன்று வருடம் வைக்கிறார்கள். தேதி தாண்டிய வீல் விலை குறைத்துக் கிடைத்தாலும் வேண்டாம்.

இப்போது காசுக் கணக்கு. 3,000 ரூபாய் மெஷின் 1,300 ரூபாய் மெஷினைவிட இத்தனை மடங்கு உழைக்கும் என்று யார் எண் சொன்னாலும் நம்ப வேண்டாம். வெட்டும் கையும் வீலும் மாறினால் அந்த எண்ணும் மாறும். உறுதியாகச் சொல்லக்கூடியது, விலை கூடியது தவறைக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்கும். அதோடு, மூன்று வருடம் கழித்தும் அதன் ஆர்மேச்சர், கார்பன், சுவிட்ச் கடையில் கிடைக்கும். என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிய லாபம். சென்னை பாரிமுனையிலோ கோவையிலோ ஸ்பேர் கடைக்குப் போனால் 801, 6-100, 9553 என்று மாடல் எண் சொல்லித்தான் பாகம் கேட்பார்கள். மலிவு மெஷின்களில் பலவும் இந்த மாடல்களின் நகல்தான். அப்படி நகலாக இருந்தால் அதற்கும் பாகம் கிடைக்கும், அந்த மலிவு மெஷின் மோசமான பேரமில்லை. எந்த மாடலுக்கும் சேராத, பெயர் மட்டும் பளபளப்பான மெஷினை வாங்காதீர்கள். கார்பன் போனாலே அதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். வாங்குமுன் கடைக்காரரிடம், "இதுக்கு ஆர்மேச்சர் இப்ப உங்ககிட்ட இருக்கா, என்ன விலை?" என்று கேளுங்கள். எடுத்துக் காட்டினால் வாங்கலாம். வாரண்டியை அதிகம் நம்ப வேண்டாம். கார்பன், பேரிங் போன்ற தேயும் பாகங்களுக்குப் பொதுவாக அது கிடையாது, கருகிய ஆர்மேச்சரையும் அதிக லோடு என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள்.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது: கம்பெனி மெஷின் ஒன்று, பட்டறை வரிசையில் 4 இன்ச் 700 முதல் 850 வாட், வெட்டவும் தேய்க்கவும். கூடவே பாகம் கிடைக்கிற மலிவு மெஷின் ஒன்று, வயர் பிரஷ், பிளாப் வீல் போன்ற இலகு வேலைக்கு மட்டும். ஸ்கொயர் பைப்பும் ஆங்கிளும் தினமும் நிறைய வெட்டுவதாக இருந்தால் 14 இன்ச் கட் ஆஃப் மெஷின் வாங்கி அந்த லோடை கிரைண்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். கிரைண்டரின் ஆயுளைக் கூட்ட இதைவிடப் பெரிய வழி இல்லை. அதுவரை 2.5, 3 மி.மீ. கட்டிங் வீலுக்குப் பதில் 1 முதல் 1.2 மி.மீ. வீல் போடுங்கள். வெட்டு ஒடுங்கினால் மோட்டார் இழுப்பதும் குறையும். வேகக் கட்டுப்பாடு, மெதுவாக வேகம் பிடிக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் எல்லாம் இருந்தால் நல்லது, ஆனால் அந்த எலக்ட்ரானிக் போர்டு போனால் செலவு அதிகம். ஒன்றே ஒன்றுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்றால், கரண்டு போய்த் திரும்ப வந்தபோது மெஷின் தானாக ஓடாமல் தடுக்கும் அமைப்பு. சுவிட்சைத் தள்ளி வைத்தபடி கரண்டு போக, மெஷினைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தபின் கரண்டு திரும்பி வருவது நம் ஊரில் எங்கும் நடப்பதுதான். அந்த அமைப்பு இல்லாத மெஷினில் கரண்டு போனதும் முதலில் சுவிட்சை அணைத்துப் பழகுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் 25 மீட்டர் என்றால் 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், எர்த்தோடு. சின்ன மெஷினுக்கு மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்குவது சிலர் பயமுறுத்தும் அளவுக்கு இருக்காது. தளர்ந்த ஜாயின்டும் சுருட்டி வைத்தபடி ஓட்டுவதும்தான் அதில் ஆபத்து.

ஆர்மேச்சரைத் திரும்பக் காயில் கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 7 இன்ச், 9 இன்ச் மெஷினுக்குக் கம்யூட்டேட்டர் நன்றாக இருந்தால் கட்டலாம். 4 இன்ச்சில் வயர் மெலிசு, பாலன்ஸ் கொஞ்சம் தப்பினாலும் பேரிங் அடி வாங்கும், கூலியும் புது ஆர்மேச்சர் விலையை நெருங்கிவிடும். அங்கே புதியதே போடுங்கள். உங்கள் செத்த மெஷின்கள் இரண்டும் ஒரே மாடல் என்றால் எதையும் எறியாதீர்கள். மல்டிமீட்டரில் ஃபீல்டு காயில் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே ஓம் காட்டி, பாடி இரும்பில் தொட்டால் மீட்டர் அசையாமல் இருந்தால் ஃபீல்டு நல்லது. ஆர்மேச்சரில் அடுத்தடுத்த பட்டைகளைத் தொட்டுச் சுற்றி வாருங்கள். எல்லா ஜோடியும் ஒரே அளவு காட்ட வேண்டும், எந்தப் பட்டைக்கும் ஷாஃப்டுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. சாதாரண மீட்டரில் சின்ன ஷார்ட் தெரியாமல் போகலாம், காயில் கட்டும் கடையில் குரோலர் என்ற ஷார்ட் சோதிக்கும் கருவியில் வைத்துப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். ஒன்றில் ஃபீல்டும் மற்றதில் ஆர்மேச்சரும் தேறினால், இரண்டு புதுப் பேரிங், ஒரு ஜோடிக் கார்பன், பத்து கிராம் கிரீஸில் வயர் பிரஷ் வேலைக்கான அந்த இரண்டாவது மெஷின் உங்கள் கையிலேயே இருக்கிறது.